புதுப்பிப்பு: மச்சான் துப்பாக்கி மேட்டர்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, டெக்சாஸ்ல இருக்கற மச்சான் ரேஞ்ச்ல (சுடற பயிற்சி இடம்) சுட மிலிட்டரி சர்ப்ளஸ் (ராணுவம் பயன்படுத்தி கழிச்சு விட்ட) எம்1 காரண்ட் ரைஃபிள் வாங்கறதா, இல்ல பழைய மாடல பாத்து புதுசா செய்யற ரெப்ரோ எம்1 கார்பைனான்னு (சின்ன ரைஃபிள்), அவரு காரண்டே எடுத்துட்டாரு. பேரல் (குழல்) தேய்மானத்த கேஜ்ங்கற அளவு கருவி வெச்சு பாத்துதான் வாங்கினாராம். தோட்டாதான் தலைவலி, காரண்டுக்கான .30-06 அளவு தோட்டால கடைல வர்ற ஹெவி ரகத்த போட்டா ஆபரேட்டிங் ராட் (அடுத்த தோட்டாவ ஏத்த பொறிய இயக்கற கம்பி) வளைஞ்சிடலாம், பழைய சர்ப்ளஸ் தோட்டான்னா சிலதுல பிரைமர் (தோட்டாவ பத்த வைக்கற மருந்து) விட்டுப்போற உப்பு பேரல துருப்பிடிக்க வெச்சிடும், அன்னிக்கே சுடுதண்ணி ஊத்தி கழுவி எண்ணெய் போடணும். கவலையில்லாம சுட ரெப்ரோதாங்க என் ஓட்டு, மனுசன் கேக்கல.

இங்க கிருஷ்ணகிரில ஆசப்பட்டு என்ன பண்ண, .303 (பழைய ராணுவ ரைஃபிள் தோட்டா அளவு) சாதாரண ஆளுங்களுக்கு தடை செஞ்ச குழல் அளவு, லைசென்ஸ் இருந்தா இஷாப்பூர் அரசு ஆலைல செய்யற .315 ரைஃபிள் வாங்கலாம், அதுவும் 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் பொதுவா ஆளுக்கு 2 துப்பாக்கிதான்.