வெள்ளம் ஏறும் இடத்தில் கார் ஷெட்: தரைமட்டம் எவ்வளவு வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறை பக்கம், தாமிரபரணிக்குக் கிட்டத்தில். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் கார் ஷெட் கட்டப்போகிறோம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. காம்பவுண்டுச் சுவரில் அந்த வண்டல் கோடு இன்னும் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே பூச்சு பொரிந்து கையோடு வருகிறது.

கொத்தனார், ரோட்டுமட்டத்திலிருந்து மூன்றடி பேஸ்மட்டம் தூக்கச் சொல்கிறார். தண்ணீருக்கு அது சரி, காருக்கு? எட்டுக்கு ஒன்று சரிவு வைத்தால் மூன்றடி ஏற 24 அடி சாய்தளம் வேண்டும். கேட்டிலிருந்து இருப்பதோ 14 அடிதான். செங்குத்தாக வைத்தால் வண்டியின் அடி இடிக்கும். அப்புறம், கிராவல் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து வீட்டு அத்தை வாசலுக்குத்தான் போகும். அதற்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொரு யோசனை: ஓரடி மட்டும் உயர்த்தி, எதிரெதிர்ச் சுவர்களில் தரையை ஒட்டித் திறப்பு விடுவது. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் சுவரைத் தள்ளாது, தானாக வடிந்தும் விடும். ஸ்விட்ச்போர்டு, இன்வெர்ட்டர் எல்லாம் வெள்ளக்கோட்டுக்கு மேலே.

2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி மாநகராட்சியில் பிளான் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? வீட்டுக்குக் கேட்கும் பேஸ்மட்டத்தையே ஷெட்டுக்கும் கேட்டார்களா? வரைபடத்தில் மட்டத்தை எங்கிருந்து குறித்தீர்கள், ரோட்டிலிருந்தா, வெள்ளக்கோட்டிலிருந்தா? வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கம் வெள்ளத்துக்கு அப்புறம் கட்டியவர்கள் போட்டோ போட்டால் பெரிய உதவி. ஐப்பசி மழைக்குள் அஸ்திவாரம் முடிக்க வேண்டும்.