நம்பிக்கையை மீறி விற்றது வாங்கியவருக்கும் தெரியும் என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதுவது எப்படி? நம் அனுபவங்கள்

திருநெல்வேலியிலிருந்து:

அம்மா பேரில் இருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சைக்குப் பெரியப்பா மகன் பேரில் பவர் எழுதிக் கொடுத்திருந்தோம். எனக்குப் புனேவில் வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி, பட்டா விஷயமாக அலைய ஒரு ஆள் வேண்டும். விற்கும் அதிகாரமும் அந்தப் பத்திரத்தில் ஒரு வரியாக இருந்தது. அந்த வரியை வைத்தே அண்ணன் நிலத்தைத் தன் மைத்துனருக்குக் கிரயம் செய்துவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணன் மீது வழக்குப் போடுவதில் சிக்கல் இல்லை. நம்பி ஒப்படைத்தவரின் நன்மையைக் காக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி அடைந்த லாபத்தை நம்பியவருக்கே சேர்க்க வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், 88ஆம் பிரிவு. ஆனால் நிலம் இப்போது அண்ணனிடம் இல்லையே. மைத்துனரை விட்டுவிட்டால் நிலம் திரும்பாது. அவரோ, "நான் காசு கொடுத்து வாங்கினேன், உங்கள் வீட்டு விவகாரம் எனக்கென்ன தெரியும்?" என்கிறார். நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரை அதே சட்டத்தின் 96ஆம் பிரிவு காப்பாற்றும்.

முதல் பிராதில் அவரைப் பற்றி இருந்தது ஒரே வரி: "1ஆம் பிரதிவாதியும் 2ஆம் பிரதிவாதியும் கூட்டுச் சேர்ந்து வாதியை ஏமாற்றியுள்ளனர்." தன் பெயரை வழக்கிலிருந்து நீக்கச் சொல்லி அவர் மனுப் போட்டார். அவர் தரப்பு சுட்டிக் காட்டியது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 4. மோசடி, நம்பிக்கை மீறல் என்று சொல்கிறவர் அதன் விவரங்களை, தேவைப்பட்டால் தேதியோடு, பிராதிலேயே சொல்ல வேண்டும். பொத்தாம் பொதுவாகச் சொன்னால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1951இலேயே பிஷுந்தேவ் நாராயண் வழக்கில் சொல்லிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு மூத்த வக்கீலிடம் போனோம். பிராது நகலை மேசையில் வைத்து, மைத்துனர் பேர் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் சிவப்பு மையில் "இவருக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதிக்கொண்டே போனார். ஏழு இடம். "அண்ணன் செய்த தப்பை எழுதியிருக்கிறீர்கள். இவர் செய்ததை எழுதவே இல்லை" என்றார். அப்புறம் அம்மாவைப் பேச விட்டார்.

அம்மா சொல்லச் சொல்ல வந்தது இது. கிரயத்துக்கு நாலு மாதம் முன்னால் எங்கள் வீட்டுக் காதுகுத்தில், "நிலத்தை விற்கிற பேச்சே கிடையாது" என்று அம்மா சொன்னபோது மைத்துனர் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். முத்திரைத் தீர்வையை வழிகாட்டி மதிப்புக்குக் கட்டியிருக்கிறார், பத்திரத்தில் கண்ட விலை அதில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் நிலத்தின் மதிப்பு அவருக்குத் தெரியும். கிரயம் முடிந்த பிறகும் அங்கே உழுதது அண்ணன்தான். அம்மாவின் நம்பர் மைத்துனர் போனில் இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டவரும் தெரிந்தவராகவே கருதப்படுவார் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இருப்பதால், அதையும் வக்கீல் தனிப் பத்தியாக எழுதினார்.

விசாரணை தொடங்காததால் பிராதைத் திருத்த அனுமதி கிடைத்தது. 2002க்குப் பிறகு, விசாரணை தொடங்கிவிட்டால் "எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே சொல்ல முடியவில்லை" என்று காட்டினால்தான் திருத்தவே விடுவார்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம்தான் கெடு என்பதால் வில்லங்கச் சான்று வாங்கிய தேதியும் பிராதில் ஏறியது. பெயர் நீக்க மனு தள்ளுபடி. இதே நிலையில் இருப்பவர்கள், வக்கீல் கேட்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

எங்கள் குடும்ப நிறுவனத்தில் மேனேஜர் ஒருவர் தன் நண்பரின் கம்பெனிக்குக் கூடுதல் விலை பில்லாகப் போட்டுப் பணம் அனுப்பிவந்தார். இங்கே வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "நண்பர் கைக்குப் பணம் வந்ததா, இல்லை உதவி மட்டும் செய்தாரா?" இரண்டும் வேறு வேறு வழக்கு, 1874இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ் எதிர் ஆடி தீர்ப்பிலிருந்து வரும் பிரிவு. உதவி செய்தவர் என்றால் அவருடைய நேர்மையின்மையைக் காட்ட வேண்டும். 1995இல் ராயல் புரூணை ஏர்லைன்ஸ் வழக்கில் பிரிவி கவுன்சில் (லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றம்) இதைத்தான் சொன்னது. டிக்கெட் பணத்தை ஏர்லைன்ஸுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருந்தது பயண நிறுவனம், அதைத் தொழில் செலவுக்கு எடுக்கவைத்தவர் அதன் இயக்குநர். பார்க்க வேண்டியது உதவி செய்த மூன்றாம் ஆளின் நேர்மையைத்தான் என்று சொல்லி அந்த இயக்குநரையே பொறுப்பாக்கினார்கள். நாங்கள் இரண்டு வழியையும் தனித்தனித் தலைப்பில் எழுதினோம், ஒவ்வொரு பில்லுக்கும் தேதியோடு.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணா, எங்களுடையது ஊர்ச் சத்திரத்து அறக்கட்டளை. டிரஸ்டி இரண்டு கடைகளை விற்றுவிட்டார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போட்டு, அதிலேயே வாங்கியவரிடமிருந்து கடையை மீட்கவும் கேட்டுவிட்டோம். டிரஸ்டியை நீக்க, கணக்குக் கேட்க, திட்டம் வகுக்க அந்தப் பிரிவு சரி. அறக்கட்டளைக்கு வெளியே நிற்கிறவரிடம் சொத்தை மீட்க அது வழியில்லை என்று 1928இலேயே பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறதாம். ஒன்றரை வருஷம் போனது. இப்போது அறக்கட்டளையின் சார்பில் தனி வழக்கு. நல்லவேளை, இந்து அறநிலையத்தின் அசையாச் சொத்தை நிர்வாகி விற்றிருந்தால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 12 வருஷம் கெடு இருக்கிறது. உங்கள் அம்மா சாட்சி சொல்லிவிட்டார்களா?

திருநெல்வேலியிலிருந்து:

இன்னும் இல்லை தம்பி. அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை. காதுகுத்து வீடியோவில் அந்தப் பந்தி இருக்கிறது, மைத்துனர் முகம் தெளிவாகத் தெரிகிறது, அம்மா பேசுவதும் பாதி கேட்கிறது. எடுத்த பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். அந்த வீடியோ அவன் எடுத்ததுதான் என்ற சான்றிதழில் அவனிடம் கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.