ரேகைச் சட்டமும் ஆதாரும் ஒரே மரபா?

உசிலை வாசகன்: ஆதார் குறித்த விவாதங்களில் தனியுரிமையை நகரத்துப் படித்தவர்களின் கவலையாகவே பலரும் எழுதுகிறார்கள். எங்கள் உசிலம்பட்டிப் பகுதியில் அதற்கு நூறாண்டு நினைவு இருக்கிறது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய, நாங்கள் ரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் புதுப்பிக்கப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பகுதியின் பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் விரல் ரேகையைப் பதிவேட்டில் பதியவும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்கவும், இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். ரேகை பதிய மறுத்த எங்கள் பெருங்காமநல்லூர் கிராமத்தில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பத்து விரலையும் இரு கருவிழியையும் அரசு கேட்கும்போது எங்கள் பெரியவர்கள் தயங்கியதற்குக் காரணம் அறியாமை அன்று.

தரவுப் பொறியாளன்: அந்தக் கொடுமையை நான் மறுக்கவில்லை, ஒப்பீட்டைத்தான் மறுக்கிறேன். அன்றைய பதிவேடு பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்கியது. ஆதார் சட்டமோ சாதி, மதம், இனம் ஆகியவற்றைச் சேகரிக்கவே கூடாது என்கிறது. ஆதாருக்கு முன், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்டால்தான் நீங்கள் யார் என்று நிறுவ முடியும் என்ற நிலையையும், வேலை தேடிச் சென்ற மாநிலத்தில் ரேஷன் வாங்க முடியாத நிலையையும் ஏழைகள் எவ்வளவு காலம் சுமந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வைகைக்கரை: ரேஷன் கடை இயந்திரத்தில் ரேகை விழாத கூலிக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், தாம் தாமே என்று நிறுவும் சுமை அவர் தலையில்தான் விழுகிறது.

தரவுப் பொறியாளன்: அது சரிசெய்யக்கூடிய குறை. உச்ச நீதிமன்றம் 2017-இல் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. 2018-இல் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடமளித்த 57-ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாது என்றது. பெருங்காமநல்லூர்க்காரர்களுக்கு முறையிட எந்த நீதிமன்றம் இருந்தது?

உசிலை வாசகன்: நல்ல கேள்விதான். ஆனால் அந்த 2018 வழக்கிலேயே நீதிபதி சந்திரசூட் மாறுபட்டு, ஆதார் சட்டமே செல்லாது என்று எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதிக்கான கட்டம் படிவத்தில் இல்லை என்பதால் மட்டும் நான் நிம்மதியடைய மாட்டேன். பதிவேட்டின் வலிமை அதில் எழுதியிருப்பதைவிட, அதை எந்தெந்தப் பதிவேட்டோடு, யார் இணைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947-இல் நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பெயர்தான் மாறியது என்பது என் கருத்து. எங்கள் ஊரில் சுட்ட அதே 1920-இல் இயற்றப்பட்ட கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் வந்த புதிய சட்டம், கைதானவர்களின் ரேகையோடு கருவிழிப் பதிவையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது.

தரவுப் பொறியாளன்: முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அப்பதிவுகளை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறதே.

உசிலை வாசகன்: நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிடாத வரை என்ற நிபந்தனையும் அதில் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அப்பதிவுகளைப் பிற விசாரணை அமைப்புகளுக்குப் பகிரலாம் என்றும் இருக்கிறது. பகிர்ந்த படிகளும் அழிந்தனவா என்று விடுதலையானவர் எந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்பதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.