வைட்ல எடுத்தா மூலை கருக்குதா? காம்பாக்ட் கேமராவில் கண்டதும் சரிசெய்ததும் (குழு விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மாடவீதி

பழைய டிஜிகேம், அதாவது சின்ன டிஜிட்டல் கேமரா, மறுபடி எல்லார் கையிலும் தெரிகிறது. கூடவே பழைய கேள்வியும் வந்துவிட்டது: "வைட்ல எடுத்தா நாலு மூலையும் கருக்குதே, லென்ஸ் போச்சா?" பெரும்பாலும் போகவில்லை. ஆனால் இந்த இருட்டு ஒரே வியாதி இல்லை, ஐந்தாறு வியாதிக்கு ஒரே அறிகுறி. அதனால் பார்த்ததை எழுதுகிறவர்கள் ஃபோக்கல் (28, 35 என்று ஜூம் நிலையைச் சொல்லும் மி.மீ. எண்; எண் குறைந்தால் காட்சி அகலம், அதுதான் வைட்), அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), இருட்டின் வடிவம், எதைச் செய்தபோது போனது, இவ்வளவையும் எழுதுங்கள். எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினோம் என்ற கதை வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேமராவை அபெர்ச்சர் மோடில் வைத்து, முழு வைடில், ஒரே காட்சியை இரண்டு முறை எடுங்கள். ஒன்று முழுத் திறப்பில், இன்னொன்று எஃப் 5.6 அல்லது எஃப் 8-இல்.

இரண்டாவது படத்தில் மூலை வெளுத்தால், லென்ஸ் குழலின் விளிம்பு சாய்வாக வரும் ஒளியை மறைத்திருக்கிறது. துளை சுருங்கியதும் அந்த மறைப்பு விலகிவிடும். இரண்டாவது படத்தில் இருட்டின் ஓரம் இன்னும் கூர்மையாக, வெட்டினாற்போல் தெரிந்தால் லென்ஸுக்கு முன்னால் ஏதோ ஒரு பொருள் நிற்கிறது: ஃபில்டர், ஹூட், விரல், மூடாத மூடி. இரண்டிலும் மாறாமல் மெதுவாக மங்கினால் அது வைட் கோணத்தின் இயல்பு. அதைத் திருத்தலாம், ஒழிக்க முடியாது.

பழைய டிஜிகேம்

மேலே சொன்ன சோதனை நல்ல சோதனைதான், ஆனால் மலிவு காம்பாக்டில் ஏமாற்றும். பல சின்ன கேமராக்களில் அபெர்ச்சர் இதழ்களே கிடையாது. திரையில் எஃப் 2.8, எஃப் 8 என்று இரண்டே எண் காட்டும். எஃப் 8 என்று காட்டும்போது உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் குறுக்கே வந்து ஒளியைக் குறைக்கிறது. துளை சுருங்கவே இல்லை, அதனால் மூலையும் மாறாது. மாறவில்லை என்பதற்காக "இயல்பான மங்கல்" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நடுவில் எண்ணே இல்லாமல் இரண்டு எஃப் எண் மட்டும் காட்டுகிற கேமரா என்றால் சந்தேகப்படுங்கள். கண்ணாலேயே பார்க்கலாம்: லென்ஸை முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே வெயிலில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். துளை சிறுத்தால் இதழ் இருக்கிறது. துளை அதே அளவில் இருந்து கண்ணாடி மட்டும் கறுத்தால் ஃபில்டர்.

இப்படிப்பட்ட கேமராவுக்கு ஒரே வழி ஜூம்தான். 28-லிருந்து ஒரு தட்டுத் தட்டி 32, 35 பக்கம் போனாலே பாதிக்கு மேல் போய்விடும்.

எழும்பூர் லென்ஸ்

இயல்பான மங்கலுக்குக் கணக்கு இருக்கிறது. ஒளி எவ்வளவு சாய்ந்து வருகிறதோ, அந்தக் கோணத்தின் கொசைனை நான்கு முறை பெருக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் அளவில் சொன்னால், நடு 100 என்று வைத்தால் மூலைக்குக் கிடைப்பது 50 மி.மீ.யில் 71, 35-இல் 52, 28-இல் 39, 24-இல் வெறும் 30. அதாவது 28-லிருந்து 24-க்கு இறங்கும் அந்த நாலு மி.மீ.க்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) காணாமல் போகிறது. இது வெறும் சூத்திரம்தான். காம்பாக்ட் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடிகள் ஒளியை சென்சாரில் முடிந்தவரை நேராக விழவைப்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாக இருக்காது.

அப்படியும் ஜேபெக்கில் மூலை ஏன் பளிச்சென்று இருக்கிறது? கேமராவே உள்ளுக்குள் ஏற்றிவிடுகிறது. பானசோனிக் எல்எக்ஸ் 3 வந்த 2008-இலேயே ரா ஃபைலில் (சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) லென்ஸ் திருத்தக் குறிப்பை எழுதிவைத்து, மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. 2014-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு மாதிரி 24-இல் எஃப் 1.8 கொடுக்கும் சின்ன லென்ஸ்கள் எல்லாம் இந்தத் திருத்தத்தை நம்பித்தான் அவ்வளவு சின்னதாக இருக்கின்றன. சில கேமராவின் ராவைத் திருத்தமில்லாமல் திறந்தால் நாலு மூலையிலும் கன்னங்கரேலென்று முக்கோணம் தெரியும். பயப்பட வேண்டாம். நேர்கோடுகளை நிமிர்த்தும்போது அந்தப் பகுதி படத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும்.

ஒரு விலை மட்டும் உண்டு. மூலையை இரண்டு ஸ்டாப் ஏற்றினால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு எண்) 1600-இல் எடுத்த படத்தின் மூலை 6400-இல் எடுத்த மாதிரி பொரிப்பொரியாக இருக்கும். ராத்திரியில் மூலை இருட்டாக இருந்தால் விட்டுவிடுவதே மேல் என்பது என் கட்சி.

ரிச்சி தெரு ரிப்பேர்

ஒரே ஒரு மூலை, அதுவும் நேர்கோட்டில் வெட்டினாற்போல் இருட்டு. இது வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். முன்னால் இருக்கிற மெல்லிய மூடி இதழ் முழுசாகத் திறக்கவில்லை. கேமராவை ஆன் செய்து நேருக்கு நேர் பார்த்தால் இதழின் நுனி கண்ணாடி ஓரத்தில் எட்டிப்பார்க்கும். ஜூம் செய்தால் மறைந்து, வைடுக்கு வந்தால் திரும்ப வரும்.

காரணம் பெரும்பாலும் மணல்தான். மெரினா, பெசன்ட் நகர் போய்வந்த கேமராவில் உப்பு ஈரத்தோடு சேர்ந்து மணல் துகள் இதழ் இடுக்கில் இறுகிவிடும்.

செய்ய வேண்டியது: லென்ஸ் வெளியே நீண்டிருக்கும்போது கேமராவைக் குப்புறப் பிடித்து, கைப்பந்து ஊதியால் ஓரமாகப் பத்துப் பதினைந்து தடவை ஊதுங்கள். பிறகு நுனி மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால், புதுசாக இருக்க வேண்டும், இதழ் ஓரத்தை மட்டும் தடவுங்கள். ஆஃப், ஆன். திரும்ப ஊதுங்கள். நாலைந்து சுற்றில் பெரும்பாலும் விடும்.

செய்யக் கூடாதது: தேங்காய் எண்ணெய், மிஷின் ஆயில், துருநீக்கி ஸ்பிரே. எது விட்டாலும் எண்ணெய் இரண்டு இதழுக்கு நடுவில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடுத்த நாள் தூசியைப் பிடிக்கும், பிறகு கண்ணாடிக்கு இறங்கும். வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

இதற்கும் விடவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் கழன்றிருக்கும். திறந்துதான் ஆக வேண்டும். யூடியூப் பார்த்து நீங்களே திறக்கிறீர்கள் என்றால் ஒன்று: பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷ் கெபாசிட்டரில் 300 வோல்ட் பக்கம் நிற்கும். தொட்டால் தூக்கிப்போடும்.

கடற்கரை நடை

ரிப்பேர் அண்ணன் மணல் சொன்னார், நான் போலரைசர் சொல்கிறேன், வானத்தைக் கருநீலமாக்கும் சுழல் ஃபில்டர். "வைட்ல வானம் ஒரு பக்கம் கருக்குது" என்று வருகிற படங்களில் நிறைய இதுதான்.

வானம் போலரைசருக்கு அதிகமாகக் கருப்பது சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கும் பட்டையில். காலையில் சூரியன் கடல் மேல் தாழ்வாக நிற்கும்போது அந்தப் பட்டை தெற்கில் தொடங்கித் தலைக்கு மேலே ஏறி வடக்கில் இறங்கும். மெரினா மணலில் நின்று கலங்கரை விளக்கத்தை நடுவில் வைத்துத் தெற்கே பார்த்தால் நடு வானம் கருநீலம், இரண்டு பக்கமும் வெளிறல். அதே இடத்தில் கடல் பக்கம் கொஞ்சம் திருப்பினால் கருமை வலது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். 24 மி.மீ. அவ்வளவு வானத்தை விழுங்குவதால் மாற்றம் முழுசும் ஒரே படத்தில் தெரிகிறது. ஃபில்டரைக் கால் சுற்றுச் சுற்றுங்கள். கருமை இடம் மாறினாலோ மறைந்தாலோ போலரைசர், அசையாமல் நின்றால் விக்னெட்டிங், அதாவது நாம் பேசுகிற மூலை இருட்டு.

வளையத்தின் தடிமனும் பார்க்க வேண்டும். பெரும்பாலான காம்பாக்டில் ஃபில்டர் மரை கிடையாது, ஒட்டு வளையம் ஒட்டித்தான் மாட்டுகிறோம். அந்த வளையமே லென்ஸிலிருந்து கொஞ்சம் முன்னால் நிற்கும். அதன் மேல் யூவி ஃபில்டர், யூவி மேல் போலரைசர் என்று அடுக்கினால் 24-இல் கட்டாயம் மூலை போகும். ஒன்று மட்டும் போடுங்கள், அதுவும் மெலிந்த வளையமாக. இல்லாவிட்டால் 49-லிருந்து 55-க்கு ஏற்றும் வளையம் போட்டுப் பெரிய ஃபில்டர் மாட்டுங்கள், ஓரம் பார்வைக்கு வெளியே போய்விடும்.

பழைய டிஜிகேம்

ஃபில்டர் பேச்சு வந்ததால், லென்ஸுக்கு முன்னால் மாட்டிக் கோணத்தை அகலமாக்கும் வைட் கன்வெர்ட்டர் பற்றியும். 0.7 என்று போட்டிருக்கும் லென்ஸை 28 மி.மீ. கேமராவில் மாட்டினால் 19.6 கிடைக்க வேண்டும். மாட்டினால் வட்டக் கறுப்பு. அது மறைய 36 வரை ஜூம் செய்ய வேண்டியிருந்தால் கைக்கு வருவது 36 பெருக்கல் 0.7, ஏறக்குறைய 25. மூன்று மி.மீ. லாபத்துக்குக் கால் கிலோ கண்ணாடி. தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி கன்வெர்ட்டர் போட்டு வைடில் வட்டம் தெரிந்தால் அது கோளாறே இல்லை, முழு ஜூமுக்குப் போனால்தான் அது வேலை செய்யும்.

இன்னொன்று, கல்யாண மண்டபப் படங்களில் கீழே நடுவில் அரைவட்ட நிழல். அது கன்வெர்ட்டரை மாட்டும் குழாயின் நிழல், ஃபிளாஷ் அதன் மேலே தட்டுகிறது. குழாயைக் கழற்றினால் போச்சு. கழற்றிய பிறகும் நாலு மூலை மங்கினால் ஃபிளாஷின் வீச்சு 24-க்குப் போதவில்லை. ஃபிளாஷ் முன்னால் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் ஒட்டி ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றுங்கள்.

புது உறுப்பினர்

சார், என் படங்களில் இடது மேல் மூலை மட்டும் மற்றதைவிட இருட்டு. நேர்கோடாக இல்லை, மெதுவான மங்கல்தான். இன்னொரு படத்தில் வலது பக்கம். இதழ் சரியாகத் திறக்கிறது, பார்த்துவிட்டேன். மூடி கிடையாது, ஃபில்டர் கிடையாது.

எழும்பூர் லென்ஸ்

படத்துக்குப் படம் மூலை மாறுகிறது என்றால் ஸ்டெபிலைசர். கை நடுக்கத்துக்கு எதிராக லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி பக்கவாட்டில் நகர்கிறது. சரியாக அந்த நொடியில் அது ஓரத்தில் இருந்தால் ஒளி வட்டமும் அந்தப் பக்கம் தள்ளிப்போகும். ஸ்டாண்டில் வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு நொடி டைமரில் ஐந்து படம் எடுங்கள். நாலு மூலையும் சமமாக வந்தால் கவலையே இல்லை. அணைத்த பிறகும் எப்போதும் அதே மூலை என்றால் கேமரா எப்போதோ கீழே விழுந்து குழல் சாய்ந்திருக்கிறது. அந்த மூலையில் எழுத்துகளும் மழுங்கித் தெரியும், சேர்த்துப் பாருங்கள்.

சுவரை நம்பி முடிவுக்கு வராதீர்கள். ஜன்னல் பக்கத்துச் சுவர் எப்போதும் ஒரு பக்கம் வெளிச்சமாகத்தான் இருக்கும். கேமராவை 90 டிகிரி திருப்பித் திருப்பி நாலு படம் எடுங்கள். இருட்டு சட்டத்தின் அதே மூலையோடு சுற்றினால் கேமரா. சுவரோடு நின்றால் சுவர்.

மாடவீதி

சுவரைவிட நல்லது இரண்டு மி.மீ. பால் வெள்ளை அக்ரிலிக். போர்டு அடிக்கும் கடையில் வெட்டு மிச்சம் உள்ளங்கை அளவு கேட்டால் கொடுப்பார்கள். லென்ஸின் முன் ஒட்டினாற்போல் பிடித்து, ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய வானத்தைப் பாருங்கள். வெயில் நாளென்றால் நிழலில் நின்று, சூரியன் இல்லாத பக்கம். குறைந்த ஐஎஸ்ஓ, ஹிஸ்டோகிராம் (திரையில் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) வலது பக்கம் ஒதுங்கினாலும் ஓரத்தில் முட்டக் கூடாது. ரா இருந்தால் ராவில். ரா இல்லாத பழைய கேனனுக்கு சிஎச்டிகே என்ற மென்பொருளைப் போட்டால் டிஎன்ஜி என்ற ரா ஃபைல் கிடைக்கும்.

எவ்வளவு இருட்டு என்று அளக்க ஜேபெக்கே போதும். அதே வெள்ளையை, எக்ஸ்போஷரை ஈடுசெய்யும் (+/-) அளவை மூன்றில் ஒரு படியாகக் குறைத்துக்கொண்டே வரிசையாக எடுங்கள். முதல் படத்தில் பிரகாச எண் (0 முதல் 255 வரை) நடுவில் 180, மூலையில் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்தில் நடு 120-க்கு இறங்குகிறதோ அந்த ஈடுதான் உங்கள் மூலை இழப்பு. இந்த எண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றேகால் ஸ்டாப் பக்கம் வரும்.

அந்த வெள்ளைப் படத்தையே திருத்தவும் பயன்படுத்தலாம். ராதெரப்பி என்ற மென்பொருளில் ரா தாவலில் ஃபிளாட் ஃபீல்ட் என்ற இடத்தில் இந்த ஃபைலைக் காட்டினால் மூலை இருட்டும் மூலையில் ஏறும் இளஞ்சிவப்பும் சேர்ந்து போகும். ஆனால் ஒவ்வொரு ஜூமுக்கும் ஒவ்வொரு அபெர்ச்சருக்கும் தனித்தனி வெள்ளை வேண்டும். 24-இல் எஃப் 1.8, எஃப் 4, இந்த இரண்டு போதும், மற்றதில் யாரும் பார்க்கப்போவதில்லை.

டார்க்டேபிள் என்ற மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை இயக்கினால் அளவுகள் தானாக வரும், உங்கள் கேமரா பட்டியலில் இருந்தால். கிம்ப் மென்பொருளில் லென்ஸ் டிஸ்டார்ஷன் ஃபில்டரில் பிரைட்டன் இழுப்பான் இருக்கிறது. கிம்ப் ஆட்கள் கிராப் செய்வதற்கு (ஓரத்தை வெட்டுவதற்கு) முன் திருத்த வேண்டும். கிராப் செய்த பிறகு படத்தின் நடு வேறு, லென்ஸின் நடு வேறு. ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுக்கும்.

கடற்கரை நடை

பனோரமா ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. கடல் மேல் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது இதே மூலை இருட்டுதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, ஒரு படத்தின் பாதி அடுத்த படத்திலும் வரும்படி, எக்ஸ்போஷரைப் பூட்டி எடுங்கள். ஹகின் என்ற ஒட்டும் மென்பொருளில் ஒளி அளவைத் தனியாக ஆப்டிமைஸ் செய்தால் விக்னெட்டிங்கை அதுவே கணக்கிட்டு எடுத்துவிடும்.

புது உறுப்பினர்

அணைத்துவிட்டு ஐந்து படம் எடுத்தேன். நாலு மூலையும் ஒரே அளவு. ஸ்டெபிலைசர்தான். ரிப்பன் மாளிகையை வைடில் எடுக்கும்போது என்ன செய்வது? வெள்ளைச் சுவர், கொஞ்சம் மங்கினாலும் அழுக்காகத் தெரிகிறது.

மாடவீதி

எஃப் 4, தம்பி. பகல் வெளிச்சத்தில் ஷட்டர் தாராளமாக வரும், ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஒரு அங்குல சென்சாரில் எஃப் 8 தாண்டினால் படமே மழுங்கும், அதனால் அதற்கு மேல் போகாதீர்கள். கட்டடத்தை விளிம்புவரை நிரப்பாமல் நன்றாகப் பின்னால் போய் 28-இல் எடுங்கள். கபாலி கோயில் கோபுரம் என்றால் இந்தக் கஷ்டமே இல்லை, பொம்மைக் கூட்டத்துக்குள் ஒரு ஸ்டாப் இருட்டு இருப்பதே தெரியாது. மேல் மூலை வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.