இவரின் குறட்டைக்குக் கைவைத்தியம் ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்: ஆரையம்பதிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். இவருக்கு 46 வயது. பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று வைத்து தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்து இங்கே கடைகளுக்குப் போடுகிறார். குறட்டை கலியாணம் கட்டிய நாளிலிருந்தே உண்டு. அது எனக்குப் பழகின சத்தம். ஆனால் இந்த மூன்று வருடத்தில் உடம்பும் வைத்துவிட்டது, சத்தமும் வேறு மாதிரி ஆகிவிட்டது. இப்போது கேட்டால் தோணியை மணலில் இழுப்பது போல இருக்கும்.

இது அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இரண்டு அறையும் ஒரு விறாந்தையும்தான். இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது, ஏழடியோடு நின்றுவிடும். இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் கேட்கும். மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு இரவில்தான் படிப்பு ஏறும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கணக்குச் செய்கிறாள். விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிற அம்மா, ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். மருமகனை ஒரு சொல் சொல்ல அவருக்கு வாய் வராது. மாமி குசினியில் படுப்பதைக் கண்ட இவர் வெட்கப்பட்டு, இரண்டு இரவு பட்டாவுக்குள்ளேயே படுத்தார். விடியப் பார்த்தால் நுளம்பு கடித்துக் கழுத்தெல்லாம் தடித்திருந்தது. என்னால் பொறுக்க ஏலாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தோம். சித்தாலேப பூசினோம். படுக்கப் போகும்போது வேர்க்கொம்பு தட்டிப்போட்ட சுடுதண்ணீரில் தேன் விட்டுக் கொடுத்தேன். இரண்டு தலையணை வைத்தேன், அது இன்னும் மோசம். மூக்கில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்கினோம், மூன்றாம் நாள் அது காணாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சாராயம் எடுப்பார். அன்றைக்குச் சத்தம் இரண்டு மடங்கு. இப்போது சின்னம்மா, மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு என்கிறார். விடலாமா? உங்கள் வீடுகளில் எது பலன் தந்தது?

—

கொக்கட்டிச்சோலை மாமி:

மகள், எங்கள் வீட்டுக்காரர் வயல் செய்கிறவர். சூடடிக்கிற நாளில் வைக்கோல் தூசு பட்டு மூக்கு அடைத்தால், அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு வீடு அதிரும். மூக்கடைப்பால் வருகிற குறட்டைக்கு உன் நொச்சி ஆவி நல்லது. மூக்கு திறந்திருந்தும் சத்தம் வருகிறது என்றால், ஆவி பிடித்து ஒன்றும் ஆகாது. வேர்க்கொம்பும் தேனும் தொண்டைக்கு இதம். அதைக் குடித்துக் குறட்டை நின்றதை நான் காணவில்லை.

இரண்டு தலையணையை இன்றைக்கே எடுத்துவிடு. தலை மட்டும் உயர்ந்தால் நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுப் போகிற வழி இன்னும் ஒடுங்கிவிடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு கல் வை. நாலு அங்குலம் போதும். உடம்பு முழுவதும் சரிவாக இருக்க வேண்டும்.

மறுகா, மல்லாந்து படுக்க விடாதே. மல்லாந்தால் நாக்கு தொண்டைப் பக்கம் சரியும். சரிந்து படு என்று சொன்னால் தூக்கத்தில் யார் கேட்பார்? நான் பேரனின் டெனிஸ் பந்து ஒன்றை எடுத்தேன். பழைய பெனியனின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சட்டைத்துணியில் ஒரு பை வைத்து, பந்தை உள்ளே போட்டு வாயைத் தைத்துவிட்டேன். முதல் நாள் நடுச்சாமத்தில் அதைக் கழற்றி எறிந்தார். நான் மறுபடி போட்டுவிட்டேன். ஒரு கிழமை சண்டைதான். அப்புறம் பந்து முதுகில் உறுத்துகிறபோது தூக்கத்திலேயே திரும்பிப் படுக்கப் பழகிவிட்டார். மழைக்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்தார்.

இராச்சாப்பாடு எத்தனை மணிக்கு? சோற்றை நிறையச் சாப்பிட்டுவிட்டு அந்தச் சூட்டோடு சாய்ந்தால் குறட்டை வராமல் என்ன செய்யும்? எட்டு மணிக்குள் இடியப்பமும் சொதியும் கொடு. படுக்க முன் இரண்டு மூன்று மணி நேரம் வயிறு ஓய்ந்திருக்கட்டும். சாராயத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீயே கண்டிருக்கிறாய்.

—

ஓட்டமாவடி ராத்தா:

தங்கச்சி, நான் தாதியாக 19 வருடம் வேலை செய்கிறேன். மாமி சொன்ன பந்தும் கல்லும் சரியான யோசனை. எண்ணெயை மட்டும் விட வேண்டாம். மூக்கில் விடுகிற எண்ணெய் தூக்கத்தில் மெல்ல மெல்ல நெஞ்சுக்குள் இறங்கினால், நுரையீரலில் தங்கி நிமோனியா போல வருத்தம் கொண்டுவரும். மூக்கு அடைத்திருந்தால் உப்புத் தண்ணீரால் கழுவலாம். ஒரு கோப்பைத் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு, அயடீன் சேர்க்காததாக இருந்தால் நல்லது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றக்கூடாது. தடிமனுக்குப் போடுகிற, தூக்கம் வரவைக்கிற மாத்திரைகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். தசை தளர்ந்து குறட்டை கூடும்.

குறட்டை எப்படி வருகிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். தூங்கும்போது அண்ணத்தின் பின்பக்க மென்சதை, உள்நாக்கு, நாக்கின் அடி எல்லாம் தளர்ந்து வழியை ஒடுக்குகின்றன. அந்த ஒடுக்கத்தால் காற்று போகும்போது சதை படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதுதான் சத்தம். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு வைத்தால் வழி இன்னும் ஒடுங்கும். சிலருக்கு ஒடுங்குவதோடு நிற்காது, முழுவதும் மூடிவிடும். அப்போது சத்தமே இராது.

அதனால் சத்தத்தை விட்டுவிட்டு, சத்தம் நிற்கிற நேரத்தைக் கவனியுங்கள். குறட்டை நடுவில் அறுந்து, பத்து விநாடிக்கு மேல் மூச்சு இல்லாமல் இருந்து, திடுக்கிட்டு மூச்சு இழுக்கிறாரா? விடியற்காலையில் தலையிடி, வாய் வறட்சி உண்டா? இரவில் இரண்டு மூன்று தடவை சலம் கழிக்க எழும்புகிறாரா? பிறஷர் இருக்கிறதா? தையல் நாடாவால் கழுத்தையும் அளந்து பாருங்கள். 40 சென்ரிமீற்றருக்கு மேலே என்றால் அதையும் குறித்து வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பகலில் தூங்கி விழுகிறாரா? வாகனம் ஓட்டுகிற மனிதர் என்பதால்தான் கேட்கிறேன்.

—

ஆரையம்பதிக்காரி:

ராத்தா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று இரவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மகளின் மேசை மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றே கால் வரைக்கும் வழமையான சத்தம்தான். அப்புறம் ஒரு இடத்தில் டக்கென்று நின்றது. நின்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது ராத்தா, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடமும் அப்படித்தான், சத்தம் நின்றால் பாவி மனுசன் நல்லாத் தூங்குகிறார் என்று நானும் திரும்பிப் படுத்துவிடுவேன். நேற்று முதல் தடவையாக விநாடி முள்ளைப் பார்த்தேன். பத்து தாண்டியது. பதினைந்து. புறங்கையை மூக்குக்குக் கீழே வைத்தேன். காற்றே படவில்லை. ஆனால் வயிறு ஏறி இறங்குகிறது, நெஞ்சு இழுபடுகிறது, காற்று மட்டும் போகவில்லை. 22 ஆவது விநாடியில் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி, தண்ணீருக்குள் முக்கி எழுந்தவர் போல இழுத்தார். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. ஒரு மணி நேரத்தில் 27 தடவை. ஒவ்வொன்றுக்கும் மகளின் கொப்பியில் ஒரு கோடு போட்டேன். கோடு கூடக்கூட எனக்குக் கை நடுங்கியது.

கழுத்து 43 சென்ரிமீற்றர். காலையில் தலையிடி உண்டு, பனடோல் போட்டுக்கொண்டு போவார். சலத்துக்கும் எழும்புவார், சீனி வருத்தமாக்கும் என்று நினைத்து ஒருமுறை இரத்தம் சோதித்தோம், இல்லை.

கடைசிக் கேள்விக்கு இவர் பதில் சொல்லவில்லை. கூடப் போகிற பொடியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் முதலில் நெளிந்தான். பிறகு சொன்னான், போன மாதம் விடியப்புறம் வெலிகந்தைப் பக்கம் வரும்போது பட்டா வீதியை விட்டு இறங்கிவிட்டதாம். இவன் கத்தியதில்தான் கண் விழித்தாராம். அக்காவுக்குச் சொல்லாதே என்று இவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். யானை கடக்கிற வீதி அது. நான் சமைத்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

—

ஓட்டமாவடி ராத்தா:

அழ வேண்டாம் தங்கச்சி. கண்டுபிடித்துவிட்டீர்கள், அதுதான் பாதி. அவர் மச்சானோ வேறு யாரோ ஓட்டட்டும், இரவு ஓட்டத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். அடுத்த இரவு அவர் தூங்குவதைத் தொலைபேசியில் வீடியோ எடுங்கள், நெஞ்சும் முகமும் தெரிய வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் வீடியோவையும் அந்தக் கொப்பியையும் காட்டுங்கள். காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். குறட்டை என்று மட்டும் சொல்லாதீர்கள், மூச்சு நிற்கிறது என்று சொல்லுங்கள்.

—

கல்லடி டு சிட்னி:

தங்கச்சி, எனக்கும் இதேதான். பிறந்தது கல்லடி, இப்போது சிட்னியில் இருக்கிறேன். எனக்கு மணிக்கு 41 தடவை மூச்சு நின்றது. ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை, 30 தாண்டினால் கடுமை என்று கணக்கு. பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி. அதோடு தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

பலருக்கு இதற்குத் தருவது சீபாப் என்ற மெஷின். சின்ன மோட்டார் ஒன்று காற்றை மெல்லிய அழுத்தத்தோடு மாஸ்க் வழியாக அனுப்பும், அந்தக் காற்றே வழியை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். 1981 இல் இதை உலகத்துக்குச் சொன்ன கொலின் சலிவன், நான் இருக்கிற இந்தச் சிட்னியைச் சேர்ந்த வைத்தியர்தான். முதல் பத்து நாள் எனக்குப் பிடிக்கவே இல்லை. மனுசி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு இரவும் மாட்டிவிட்டாள். பதினோராம் நாள் காலையில் தலையிடி இல்லாமல் எழும்பினேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எண்ணிப் பார்த்து, கட்டிலில் இருந்தபடியே அழுதேன். அண்ணன் சொன்னதாக அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

—

காரைதீவான்:

நான் கண்ணகி அம்மன் கோயில் பக்கம். அக்கா, வைத்தியத்துக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை, கூடவே செய்யலாம். ஜெய்ப்பூரில் மூச்சு நிற்கும் வருத்தம் உள்ள 30 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2025 இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதியினர் கிழமைக்கு ஐந்து நாள், பதினைந்து நிமிடம், ஆறு மாதம் சங்கு ஊதினார்கள். பகல் தூக்கம் குறைந்தது, மூச்சு நிற்பதும் மணிக்கு நாலைந்து குறைந்தது. தொண்டையும் அண்ணமும் உரம் பிடிக்கிறதாம். அதற்கு முன்பே 2006 இல் அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீண்ட குழலை ஊதவைத்தும் பார்த்திருக்கிறார்கள். சங்கு இல்லாவிட்டால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னுக்கு இழுத்து இழுத்து விடச் சொல்லுங்கள். காசில்லாத பயிற்சி.

—

ஆரையம்பதிக்காரி, ஏழு கிழமைக்குப் பிறகு:

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். பரிசோதனை முடிந்தது. மணிக்கு 34. மெஷின் வேண்டும் என்றுதான் வைத்தியர் சொன்னார், எடையும் பத்துக் கிலோ குறைய வேண்டுமாம். வெலிகந்தைக் கதையை இவரே வைத்தியரிடம் சொன்னார், நான் வாய் திறக்கவில்லை. இரவு ஓட்டத்துக்குத் தம்பி போகிறான். ஞாயிற்றுக்கிழமைப் போத்தலை நிறுத்தி ஆறு கிழமை. மாமி, உங்கள் பந்துப் பெனியன் இரண்டு தைத்து வைத்திருக்கிறேன், ஒன்று தோய்க்க ஒன்று போட. சரிந்து படுக்கிற இரவில் கோடு பாதியாகக் குறைகிறது. அம்மாவும் விறாந்தைக்கு வந்துவிட்டார்.

மெஷின் அடுத்த மாதம் கிடைக்கும். சிட்னி அண்ணன், உங்களிடம் ஒரு கேள்வி. இவருக்குத் தடித்த மீசை. மாஸ்க் போட்டால் காற்று கசியும், எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மீசையில் மட்டும் கை வைக்க விடமாட்டேன் என்கிறார்.

—

கல்லடி டு சிட்னி:

எடுக்கத் தேவையில்லை தங்கச்சி. மூக்கை மூடுகிற வகை வேண்டாம், மூக்குத் துவாரத்திலேயே பொருந்துகிற சின்ன வகை மாஸ்க் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுப் போட்டுப் பாருங்கள். எனக்கும் மீசைதான்.