வேலியில் ஒரு வால் சுருட்டி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

நான் (காலை 7.10): [படம்]
எல்லோருக்கும் காலை வணக்கம். லீக்ஸ் பாத்திக்குப் பின்னால், காட்டை ஒட்டிய வேலியில் இதைக் கண்டேன். பாசி படர்ந்த கம்போடு கம்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடமாக அசையவில்லை. வாலைக் கம்பில் சுற்றி வைத்திருக்கிறது. என்ன இது?

சித்தி (7.14): பச்சோந்திதான். வாலைச் சுருட்டுவது வேறு எது? தங்கச்சியைக் கிட்டே விடாதே.

பெரியப்பா (7.21): பச்சோந்தி இல்லை. நம் நாட்டில் அது புத்தளம் பக்கத்து வறண்ட காடுகளில் இருப்பது. நுவரெலியாக் குளிர் அதற்கு ஒத்துவராது. படத்தைப் பெரிதாக்கிக் காலைப் பாருங்கள். பச்சோந்திக்கு விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டியிருக்கும். கிளையைக் கிடுக்கி போலப் பிடிக்கும். இதற்கு ஐந்து விரலும் தனித்தனி.

மாத்தளை அண்ணா (7.25): ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனபோது மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்றைக் காட்டினீர்களே, அதுவா? ஆனால் கொம்பைக் காணோம்.

பெரியப்பா (7.33): நல்ல கேள்வி. அதன் விஞ்ஞானப் பெயர் செராட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி. ஆணுக்குத்தான் கொம்பு நீண்டு கூராக இருக்கும். பெண்ணுக்குச் சின்னதாக இருக்கும், சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. ஆகவே கொம்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அதை ஒதுக்கிவிட முடியாது. மகள், தலையின் பக்கவாட்டில் ஒரு படம் எடு. காது இருக்கும் இடம் தெரிய வேண்டும். தொடாதே, கம்பை ஆட்டாதே.

நான் (7.41): [படம்] [படம்]
காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை பெரியப்பா. செதில்தான் இருக்கிறது.

பெரியப்பா (7.52): அருமை! இதைத்தான் எதிர்பார்த்தேன். நம் வேலிகளில் அடிக்கடி காண்கிற பச்சை ஓணான், கன்னம் கறுத்தது, அதற்குக் காதுச் சவ்வு வெளியே தெரியும். ஆகவே அது இல்லை. கொம்பு ஓணானுக்கும் காது வெளியே தெரியாது என்பதால் அது இன்னும் போட்டியில் இருக்கிறது. இப்போது விலாவைப் பாருங்கள். செதில்கள் பெரிதும் சிறிதுமாக, ஓட்டுச் சில்லுகளை அடுக்கி ஒட்டியது போல இருக்கின்றன. பிடரியில் ஈட்டி முனை போலச் சில முட்கள். வால் ஐந்தாவது கால் மாதிரி கம்பைப் பிடித்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒன்றுதான்: கோஃபோட்டிஸ் செலானிக்கா. 1861இல் பெர்லினில் இருந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இட்ட பெயர். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன், இதை நேரில் நான்கு தடவைதான் கண்டிருக்கிறேன்.

தங்கச்சி (7.55): பெரியப்பா, அதற்குத் தமிழில் என்ன பெயர்?

பெரியப்பா (7.58): நான் கேட்டதில்லை, கண்ணு. கொழுந்து மலையில் எங்களுக்கு எல்லாமே ஓணான்தான்.

தங்கச்சி (7.59): நான் வால் சுருட்டி என்று வைக்கிறேன்.

மாத்தளை அண்ணா (8.06): போன வருடம் ரிவஸ்டன் பக்கம் இதே ஓணானைப் பார்த்தேன்! இதே வால், காதும் இல்லை. படம் தேடி அனுப்புகிறேன்.

பெரியப்பா (8.19): அவசரப்படாதே தம்பி. "இதே" என்பதில்தான் சிக்கல். 2006 வரைக்கும் எல்லோரும் உன்னைப் போலவே ஒரே இனம் என்றுதான் நினைத்தார்கள். அந்த வருடம்தான் ரிவஸ்டன் இருக்கிற நக்கிள்ஸ் மலையில் உள்ளதைத் தனி இனமாகப் பிரித்து, கோஃபோட்டிஸ் தும்பரா என்று பெயரிட்டார்கள். நடுவில் மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிரிலும் பனிமூட்டத்திலும் வாழ்கிற இந்தச் சின்ன உயிர் அந்தச் சூட்டில் இறங்கிக் கடந்து வராது. இவற்றுக்கு ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. கொம்பு ஓணானிலும் அப்படித்தான். நம் பக்கத்தில் ஸ்டொடார்ட்டி, உன் பக்கத்தில் டென்னென்டி. அதன் கொம்பு கூராக இருக்காது, இலை வடிவில் தட்டையாக இருக்கும்.
அதனால் நீ எந்த மலையில் நின்று எடுத்தாய் என்பது படத்தைப் போலவே முக்கியம். மகள், நீயும் இடம், உயரம், தேதி, என்ன மரம் என்று நோட்டில் எழுதி வை. இடம் தெரியாத படத்துக்குப் பாதிப் பெயர்தான் சொல்ல முடியும்.

மாத்தளை அண்ணா (8.24): அப்படியென்றால் நான் கண்டது தும்பராவா? உடம்பு சிலிர்க்கிறது.

பெரியப்பா (8.26): இருக்கலாம். அது அழிந்துபோகும் ஆபத்து மிக அதிகம் உள்ள இனம். படத்தைத் தேடு.

தங்கச்சி (8.30): வயிறு பெரிதாக இருக்கிறது. எங்கே முட்டை போடும்? மண்ணைத் தோண்டிப் பார்க்கட்டுமா?

பெரியப்பா (8.37): தோண்டாதே கண்ணு, முட்டை கிடைக்காது. இது குட்டி போடும்! நம் நாட்டு ஓணான்களில் கோஃபோட்டிஸ் மட்டும்தான் அப்படி. குளிர்ந்த மண்ணில் முட்டையை விடுவதைவிட வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் விழும் இடத்துக்கு அதுவே நகர்ந்து போவது நல்லது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் காரணம்.

சித்தி (8.41): ஐயோ, பிள்ளைத்தாய்ச்சியா? காலையில் நான் பேசியதை மறந்துவிடுங்கள்.

மாத்தளை அண்ணா (8.44): மலையேறும் நண்பர்கள் குழுவுக்கு இந்தப் படத்தை அனுப்பினேன். வேலி இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா (8.45): உடனே நீக்கு.

பெரியப்பா (8.51): கோபித்துக்கொள்ளாதே, விளக்கம் சொல்கிறேன். வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க இவற்றைத் தேடுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில், அதாவது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மாநாட்டில், இரண்டு கோஃபோட்டிஸையும் முதலாம் பட்டியலில் நம் நாடு சேர்க்க வைத்தது. வியாபாரத்துக்காக நாடு கடத்தக் கூடாது. ஆனால் பட்டியலா வேலியில் காவல் நிற்கப்போகிறது? ஓடத் தெரியாத பிராணி இது. இடம் தெரிந்தால் ஒரு சிறு பிள்ளைகூடப் பறித்துப் பையில் போட்டுவிடும்.

நான் (8.53): இடத்தை எழுதி வை என்றீர்களே பெரியப்பா?

பெரியப்பா (8.56): நோட்டில் எழுது. ஆய்வு செய்கிறவர் கேட்டால் கொடு, வனஜீவராசிகள் திணைக்களம் கேட்டால் கொடு. குழுக்களில் போடாதே. "நுவரெலியா மாவட்டம்" என்ற அளவு போதும்.

மாத்தளை அண்ணா (9.02): நீக்கிவிட்டேன். இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். இருவரையும் அழைத்துப் பேசினேன், யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். ரிவஸ்டன் படத்தைப் பெரியப்பாவுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

சித்தி (9.10): இன்று வேலி வெட்டுவதாக உங்கள் அப்பா சொல்லிக்கொண்டிருந்தாரே! யாராவது அவரிடம் சொன்னீர்களா?

அப்பா (9.31): பார்த்தேன். அந்த மூலையை விட்டுவிட்டேன். பாசிக் கம்பையும் மாற்றவில்லை.

நான் (10.40): [படம்]
இப்போதுதான் பனி விலகி வெயில் விழுந்தது. இரண்டு சாண் மேலே ஏறியிருக்கிறது. தங்கச்சி நோட்டில் உயரம் என்ற இடத்தில் "என் தோள் வரை" என்று எழுதியிருக்கிறாள்.

பெரியப்பா (10.42): அதை அழிக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்பதைப் பக்கத்தில் நீ எழுது.