வீட்டுக் குளத்தில் தும்பி இளவுயிரிகள்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

அல்லிக்கொடி:
கப்பி மீன்கள் குஞ்சு போட்டிருந்த சமயம் அது. அல்லித் தண்டை ஒட்டிச் சேற்று நிறத்தில் தும்பியின் இளவுயிரி, அதாவது சிறகு முளைக்கும் முன் நீரில் வாழும் அதன் இளம் பருவம், ஒன்று அசையாமல் கிடந்தது. குஞ்சு ஒன்று அதன் தலைக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது; மறுகணம் அது அதன் வாயில் இருந்தது. இளவுயிரியின் உடல் இம்மியும் நகரவில்லை, இடையில் நடந்த எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. வால் வெளியே துடித்துக்கொண்டிருக்க, அவசரமே இல்லாமல் அது மென்று தின்றதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

ஈரமண்:
உங்கள் கண்ணுக்குத் தப்பியது அதன் கீழுதடு. தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் அந்த உதட்டின் நுனியில் கொக்கிகள் உள்ளன. நொடியின் சிறு பகுதிக்குள் அது நீண்டு, இரையைப் பற்றிக்கொண்டு திரும்பிவிடும். உடலுக்குள் உண்டாகும் நீரழுத்தமே அதைத் தள்ளுகிறது என்று நெடுங்காலம் கருதினார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, வில்லைப் போல இழுத்துப் பூட்டி விடுவிக்கும் அமைப்பு அதில் இருப்பதாகக் காட்டியது. நான் கண்டது வேறு. ஈர்க்கால் மெல்லத் தொட்டவுடன் கால்களை உடலோடு சேர்த்துக்கொண்டு, பின்புறத்திலிருந்து நீரைப் பீய்ச்சி அது முன்னே பாய்ந்தது. அதன் செவுள்கள் மலக்குடலுக்குள் இருப்பதால், மூச்சுக்காக உள்ளிழுக்கும் நீரே ஓடுவதற்கும் பயன்படுகிறது.

கார்முகில்:
என் குளத்தில் இருப்பதற்குப் பின்புறம் இறகு போன்ற மூன்று வால்கள் இருக்கின்றன. அவற்றால் கொட்டுமோ என்ற அச்சத்தில் குழந்தைகளைக் குளத்தருகே விடுவதில்லை.

ஈரமண்:
அது ஊசித்தும்பியின் இளவுயிரி. இதற்குச் செவுள்கள் உடலுக்கு வெளியே; அந்த மூன்றும் அவைதான். தும்பி இனம் எதற்கும் கொடுக்குக் கிடையாது. தாராளமாக விடுங்கள்.

வேலியோரம்:
இரவில் கைவிளக்கோடு குளத்தருகே சென்றபோது, தும்பியாக மாறுவதற்காக நாணல் தண்டில் ஏறியிருந்த ஒன்றின் முதுகு பிளந்து, தலையும் மார்பும் வெளியே வந்து, பின்னோக்கிச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால்கள் இறுகும்வரை அது அப்படியே காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எறும்பு ஒன்று தண்டில் ஏறியது. நான் ஊதித் தள்ளிவிட்டேன். தள்ளியிருக்கலாமா என்று இன்னும் மனம் கேட்கிறது.

இதைப் படிப்பவர்களுக்குச் சில யோசனைகள். சிமெண்டுக் குளமோ பிளாஸ்டிக் தொட்டியோ வைத்திருப்பவர்கள், வழுவழுப்பான சுவரில் இவற்றால் ஏற முடியாது என்பதால், நீரிலிருந்து வெளியே நீளும் சொரசொரப்பான குச்சிகளைச் சாய்த்து நட வேண்டும். அடியிலுள்ள வண்டலை முழுவதுமாக வாரக் கூடாது. பல இனங்கள் அதில் புதைந்தே வாழ்கின்றன. பிடுங்கிய பாசியை உடனே குப்பையில் போடாமல் கரையில் ஓர் இரவு விட்டுவைத்தால், அதில் சிக்கியவை நீருக்குத் திரும்பிவிடும். மோட்டார் நீரை உறிஞ்சும் வாயில், இவை உள்ளே போகாதபடி நுரைப்பஞ்சு கட்டுங்கள். தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுத்தோலைப் பிய்த்து எறியாமல் உற்றுப் பாருங்கள்; அதற்குள் தெரியும் வெள்ளை நூல்கள் பழைய மூச்சுக்குழல்களின் உள்தோல்.

அல்லிக்கொடி:
குச்சி நடும் முறையை நான் கேட்கவில்லை ஐயா. என் மீன்குஞ்சுகள் குறைந்துகொண்டே போகின்றன.

வேலியோரம்:
மீனுக்காக இவற்றை அப்புறப்படுத்தினால் கொசுப்புழுக்களை யார் தின்பார்கள், அம்மா? மியான்மரின் யாங்கோன் நகரில் வீட்டு நீர்த்தொட்டிகளில் இளவுயிரிகளை விட்டு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களைக் குறைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1990-இல் வெளியானது.

ஈரமண்:
அந்த ஆய்வை இங்கே பொருத்துவது சரியாகப் படவில்லை. அவை குடும்பங்கள் நீர் சேமித்து வைத்த தொட்டிகள். மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் திரியும் குளத்தில் இளவுயிரி கொசுப்புழுவை மட்டும் தேடிப் போகாது, எட்டும் தூரத்தில் அசைவதைப் பிடிக்கும். மேலும், கொசுப்புழுக்களைக் கப்பிகளே நன்றாகத் தின்னும். அம்மா, அடர்ந்த செடிகளுக்கிடையே ஒளிந்திருக்கும் இளவுயிரியைத் தேடுவதைவிட, குஞ்சுகளைச் சிறிது வளரும்வரை தனித் தொட்டிக்கு மாற்றுவது எளிது.

அல்லிக்கொடி:
மாற்றிவிட்டேன். அல்லித் தண்டருகே இருந்தது அங்கேயே இருக்கிறது. இப்போது தலைப்பிரட்டைகள் குறைகின்றன.